தண்ணீர் நுழைகிற இடம்

இளங்கோ எழுந்து நின்று இரண்டு நிமிஷம் ஆகிறது, இன்னும் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டான், முன்வரிசையில் ஃபோர்மேன் தண்டபாணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பஸ்ஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் முதல் ஆளாகப் பேசிவிட்டால் அப்புறம் அது என்ன பட்டறை. ஜெசிந்தா மேடத்துக்கு இது புரியாது. ஆள் நிர்வாகம் பார்க்க வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, திருச்சியில் படித்த பெண், கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற எத்தனையோ பட்டறையில் ஒன்றிலாவது அகர வரிசைப்படி யாராவது பேசியிருக்கிறார்களா என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பட்டியல் கையில் இருக்கிறது. இளங்கோ, குமரவேல், சாதிக், தண்டபாணி, வையாபுரி. கடைசியில் இருக்கிற வையாபுரி நான். இந்தப் பெயரை வைத்ததற்காக என் அப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக மனதார நன்றி சொல்கிறேன். முன்னால் நாலு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம், அதற்குள் கரண்டு போகலாம், முதலாளி கூப்பிடலாம், மேடத்துக்கே தொண்டை கட்டலாம். மேடம் வெள்ளைப் பலகையில் 'தெரிந்ததைப் பகிர்வோம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பல்பு வரைந்து வைத்திருக்கிறது. "தப்பா சரியான்னு யோசிக்காதீங்க, மனசுல இருக்கறத ஃப்ரீயா சொல்லுங்க" என்றது. இளங்கோ தண்டபாணியைப் பார்த்தான். தண்டபாணி தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். பேசித் தொலை என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம். "எனக்கென்னங்க மேடம் தெரியும், அண்ணனுங்க சொல்றதச் செய்யறேனுங்க" என்று சொல்லிவிட்டு இளங்கோ உட்கார்ந்தான். நாங்கள் கை தட்டினோம். பத்து நிமிஷம் என்று நான் போட்ட கணக்கில் ஏழு போய்விட்டது.

குமரவேல் எழுந்துவிட்டான், சீட்டு தைக்கிறவன், இவனாவது இழுப்பான், இழுடா சாமி. முட்டி வலிக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கினாலும் வலி, நீட்டினாலும் வலி, வியாழக்கிழமை இந்த வலிக்கு ஆபரேஷன், இரண்டு முட்டிக்கும் சேர்த்து. அதனால்தான் இந்தக் கூட்டமே. ஆறு வாரம் நான் வரமாட்டேன், அதற்குள் இருபத்திரண்டு பஸ் போயாக வேண்டும், என் வேலையை யார் பார்ப்பது என்று முதலாளி கேட்டிருக்கிறார், மேடம் உடனே பல்பு வரைந்துவிட்டது. என் வேலை என்ன பெரிய வேலை. கூடு கட்டி முடித்த பஸ்ஸைக் குழாய்களுக்கு அடியில் நிறுத்தி மழை மாதிரி தண்ணீரை அடிப்பார்கள். உள்ளே எங்கேயாவது சொட்டும். சொட்டுகிற இடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கண் இருந்தால் போதும். ஆனால் சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. டிரைவர் தலைக்கு மேல் ஒரு ரிவிட் ஆணி வழியாக நுழைந்து, கூரைச் சட்டத்துக்குள்ளேயே திருட்டுத்தனமாக நடந்து, ஒன்பதாவது சீட்டில் ஒரு அம்மாவின் பட்டுப்புடவை மேல் சொட்டும். ஒன்பதாவது சீட்டுக்கு மேலே நீ எவ்வளவு அடைத்தாலும் அடுத்த மழைக்கும் அந்த அம்மாவின் சாபம் உனக்குத்தான். நான் உள்ளே போவேன். எல்லாரையும் இறங்கச் சொல்வேன். கதவைச் சாத்துவேன், திரையை இழுப்பேன். ஒரு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம். வெளியே வந்து, இந்த ரிவிட், அந்த மூலை என்று சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன், அடைப்பார்கள், அப்புறம் அந்தப் பஸ் ஜென்மத்துக்கும் ஒழுகாது. எப்படிங்கண்ணா என்று ஆரம்ப காலத்தில் கேட்டார்கள். காதை ஒரு விரலால் தட்டிக் காட்டினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து வையாபுரிக்குக் காது, தண்ணீர் நடக்கிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்று ஆகிவிட்டது. தீபாவளி இனாம் வாங்கப் போனால் முதலாளியே எழுந்து நின்று கொடுப்பார், இந்தக் காதுக்காக.

காதாவது மண்ணாங்கட்டியாவது. பவுடர். முகத்துக்குப் போடுகிற பவுடர். சொல்லிவிட்டேன், மனதுக்குள்தானே, யாருக்கும் கேட்டிருக்காது. சாதிக் ஏன் திரும்பிப் பார்க்கிறான், சும்மா பார்க்கிறான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு வாங்கிய பவுடர் டப்பா பஸ்ஸுக்குள் கவிழ்ந்து கொட்டி, கூட்டி அள்ளுவதற்குள் மேலிருந்து வழிந்த தண்ணீர் அந்த வெள்ளையில் ஒரு கோடு போட்டது, எங்கிருந்து கிளம்பி எப்படி வளைந்து எங்கே வந்தது என்று வரைபடம் போலத் தெரிந்தது. அன்றைக்கு நான் பஸ்ஸுக்குள் தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அந்தக் கதவை இன்றுவரை திறக்கவில்லை. சட்டத்தில், மூட்டில், சீட்டுக்கு அடியில், தரை ஓரத்தில் எல்லாம் தூவ வேண்டும், தவழ்ந்து தவழ்ந்து பார்க்க வேண்டும், ஒரு பஸ்ஸுக்கு நாற்பது தடவையாவது மண்டியிட்டு எழுந்திருப்பேன், பதினேழு வருஷத்துக்கு எத்தனை பஸ் என்று நான் எண்ணவில்லை, முட்டி எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அது போகட்டும். வீட்டில் என்ன ஆயிற்று. சட்டையில் மல்லிகை வாசம், பாக்கெட்டில் வெள்ளைத் தூள், என் பெண்டாட்டி வளர்மதி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "யாரு அவ" என்று நேராகவே கேட்டாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அவளுடைய தங்கையிடம் சொல்வாள், தங்கை வீட்டுக்காரன் எதிர்த்த பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான். எனக்குத் தொழிலா குடும்பமா என்று வந்தபோது, மூன்று நாள் யோசித்து, வேர்க்குரு என்று சொன்னேன். முதுகெல்லாம் வேர்க்குரு, மூலையில் நின்று போட்டுக்கொள்கிறேன். பாவம், அவள் நம்பிவிட்டாள், அன்றிலிருந்து மாதம் நாலு டப்பா அவளே வாங்கி வைக்கிறாள், மார்கழியில் கூடவா வேர்க்குரு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

குமரவேல் முடித்துவிட்டான். சீட்டு தைக்கும்போது கவனமாகத் தைக்க வேண்டும், ஊசி உடைந்தால் வேறு ஊசி மாற்ற வேண்டும் என்று சொன்னான். மேடம் அதையும் பலகையில் எழுதியது. மூலையில் சுருக்கம் விழாமல் ரெக்ஸினை எப்படி மடிக்கிறான் என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை, கெட்டிக்காரன், அதைப் பார்க்கத்தான் நாமக்கல் பட்டறைக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள், அன்றைக்குப் பூரா வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டான். இப்படித்தான் பேச வேண்டும் கூட்டத்தில். சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், ஒன்றும் போய்விடவும் கூடாது. என் மேஸ்திரி அருளப்பன் இதைவிடக் கெட்டிக்காரர். அவரிடம் ஆறு வருஷம் இருந்தேன், முக்கியமான அளவு எடுக்கும் நேரம் வந்தால் "டேய், வெத்தலை வாங்கிட்டு வா" என்பார். ஆறு வருஷத்தில் கரூரில் எந்தக் கடை வெற்றிலை எப்படி என்று எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. கோபம்தான் அவர் மேல், அப்போதெல்லாம் நான் மேஸ்திரி ஆனால் ஒளிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆன பிறகுதான் தெரிகிறது. பெயிண்ட் செக்‌ஷனில் பெரிய மெஷின் வந்தது, மூன்று பேருக்கு மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறதாம். ஆறு வாரம் என்பது சின்ன காலமா. பெட்டிக்கடையில் ஒரு டப்பா வாங்கத் தெரிந்தவன் எவனும் வையாபுரி ஆகிவிடலாம் என்றால், கம்பு ஊன்றிக்கொண்டு நான் திரும்பி வரும்போது கேட்டில் இருக்கிறவன் யாரைப் பார்க்கணும் என்று கேட்பான். இதுதான் பயம், இதை யாரிடம் சொல்வது, இதைத்தான் பகிர முடியாது. அதுவும் இல்லாமல் நாலு பேர் முன்னால் தொழில் நுணுக்கத்தைச் சொன்னால் கண்பட்டுவிடும், ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்ணேறு வேறு எதற்கு.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வையாபுரி அண்ணன்கிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க மேடம்." சாதிக் பேசுகிறான். வயரிங் வேலை, எட்டு வருஷமாக இங்கே இருக்கிறான், நான் அவனுக்கு எதைக் கற்றுக்கொடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு தடவை அவன் டீயில் ஈ விழுந்ததைச் சொன்னேன், வேறு ஞாபகம் வரவில்லை. மரியாதைக்குச் சொல்கிறான். நல்ல பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயதாகிறது, நல்ல மனுஷன். மேடம் என்னைப் பார்த்துக் கண்கலங்காத குறையாகத் தலையாட்டுகிறது. எனக்குக் காது சுடுகிறது, அந்த ஊரறிந்த காது. அடுத்தது தண்டபாணி, முப்பது வருஷ வெல்டிங், எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு, எல்லாம் மேலே இருக்கிறவன் செயல் என்றார். அப்புறம் முதலாளியின் அப்பா காலத்தில் டீ என்ன விலை என்பது. அப்புறம் இந்தக் காலத்தில் யாருக்கும் பணிவு இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். காது என்று சொல்லிவிடலாம். பழக்கம் என்று சேர்த்துக்கொள்ளலாம். பொய்யா, பொய்தான், பதினேழு வருஷம் இருந்த பொய், அதுவும் எங்களில் ஒருத்தன் மாதிரி ஆகிவிட்டது. கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். கரண்டு போகவில்லை.

"வையாபுரி சார், நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காந்தே சொல்லுங்க." உட்கார்ந்து பேசினால் மரியாதை இல்லை, எழுந்தேன், முட்டி முனகியது. "காதுங்க" என்றேன். "தண்ணி நடக்கற சத்தம் கேக்கும். பழக்கம்தானுங்க." முடிந்தது, உட்காரப் போனேன். ஆனால் அந்தப் பெண் விடவில்லை. "சூப்பர் சார்" என்று பலகையில் பெரிதாகக் காது என்று எழுதி அடிக்கோடு போட்டது. "அப்ப நல்லாக் காது கேக்கறவங்களைத்தான் இதுக்கு எடுக்கணும், இல்லைங்களா? நாளைக்குக் காலையிலயே ஃபோர்மேனை விட்டுட்டு இவங்க மூணு பேரையும் காது டாக்டர்கிட்ட அனுப்பறேன். டெஸ்ட் எடுத்து யாருக்கு நல்லாக் கேக்குதோ அவங்களை உங்க இடத்துல போட்டுரலாம். இளங்கோ, உங்களுக்குக் காது எப்படி?" இளங்கோ என்னைப் பார்த்தான். "சுமாருங்க மேடம்" என்றான், என் முகத்துக்கு எது சரியாக வரும் என்று தெரியாமல். மேடம் டாக்டருக்கு ஃபோனே போட்டுவிட்டது, "மூணு பேருங்க, காலைல பத்து மணிக்கு, பஸ் ஒழுகுறதுக்கு" என்று, அந்தப் பக்கம் டாக்டர் என்ன கேட்டாரோ, "இல்லைங்க, காது ஒழுகலை, பஸ்" என்றது. எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து என் பொய்க்காகக் காதைக் காட்டப் போகிறார்கள், அதில் ஒருவன் தேறி, பஸ்ஸுக்குள் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவான், ஒன்றும் கேட்காது, அத்தனை பஸ்ஸும் ஒழுகும், திட்டு அவனுக்கு. இதற்கு மேல் வேண்டாம். "ஃபோனை வையுங்க மேடம்" என்று கத்தினேன். "காதெல்லாம் இல்லைங்க. பவுடரு. மூஞ்சிக்குப் போடற பவுடரு. தூவிவிட்டாத் தண்ணி வந்த வழி தெரியும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டேன். இடி விழும் என்று நினைத்தேன். யாராவது அடேங்கப்பா என்பார்கள், தண்டபாணியாவது வாயில் கை வைப்பார் என்று பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரியவர்கள் வேட்டி நழுவும்போது பார்க்காத மாதிரி இருப்பார்களே, அந்தப் பார்வை. மேடம் மட்டும் "பவுடரா!" என்றது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. "உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். "தெரியுமுங்கண்ணா" என்றான் இளங்கோ மெதுவாக. "சீட்டுக்கடியில கெடக்கற பவுடரைத் தொடைக்கறது நானுங்களே." குமரவேல், "கதவத் தொறந்துக்கிட்டு நீங்க எறங்கி வந்தா மாப்பிள்ளை வர்ற மாதிரி மணக்குமுங்களே அண்ணா" என்றான், சிரிக்காமல் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டான். நான் தண்டபாணியைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். அப்படியானால் அவருக்கும். பதினேழு வருஷமாக ஒரு பட்டறை முழுக்கத் தெரிந்த விஷயத்தை நான் திரையை இழுத்து மூடிக்கொண்டு, பெண்டாட்டியிடம் சண்டை வாங்கிக்கொண்டு காப்பாற்றியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, ஓடிவிடலாம் என்றால் முட்டி விடாது. மேடம் ஒவ்வொருவராகப் பார்த்தது. "தெரிஞ்சுமா இவர் வர்ற வரைக்கும் காத்திருந்தீங்க? இவர் லீவு போட்டா பஸ்ஸு அப்படியே நிக்குமே!" சாதிக்தான் சொன்னான். "அது அண்ணன் வேலைங்க மேடம். அவரு இருக்கும்போது நாம எப்படிங்க." இதை மேடம் பலகையில் எழுதவில்லை, எழுத இடம் இருந்தது.

"சரி, இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆறு வாரம் யார் செய்யறீங்க?" யாரும் கையைத் தூக்கவில்லை. தூக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியாது. நான் போய்ச் சேரும் வரைக்கும் பஸ் ஒழுகினாலும் ஒழுகுமே தவிர ஒருத்தன் அந்த டப்பாவைத் தொடமாட்டான். இடம் போய்விடும், இடம் போய்விடும் என்று நான் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தேன், இவர்கள் அதைக் கோயில் மாதிரிக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. என்னிடம் இவர்களுக்கு வேண்டியது பவுடர் இல்லை, என் வாயிலிருந்து ஒரு சொல். அதைச் சொல்வதுதான் டப்பாவைக் கொடுப்பதைவிடச் சிரமமாக இருந்தது. "சாதிக்கு" என்றேன். "நீ பாருப்பா." அவன் எழுந்து நின்றான். நான் சொன்னேன் என்பதற்காகச் சரி என்று உட்காருவான் என்று பார்த்தேன், உட்காரவில்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "நீங்க பாருன்னு சொல்லிட்டதால ஒண்ணு சொல்றனுங்கண்ணா. கோவிச்சுக்கக் கூடாது." "சொல்லு." "பவுடரு வேண்டாமுங்கண்ணா. பெயிண்ட் ஷெட்டுல இருக்கற ப்ளோயர் குழாயை முன்கதவு வழியா விட்டு, மத்ததெல்லாம் அடைச்சுட்டு, உள்ள காத்த அடிச்சு, மேல கூரையில சோப்புத் தண்ணி தெளிச்சா, எங்க ஓட்டையோ அங்க நுரை கிளம்புமுங்க. பத்து நிமிசம். நின்னுக்கிட்டே பாக்கலாம், ஏணி இருந்தாப் போதும்."

நின்றுகொண்டே. அந்தச் சொல் ஒன்றுதான் எனக்குக் கேட்டது. "செஞ்சு பாத்திருக்கியா?" "ஒரே ஒரு தடவைங்கண்ணா. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க நாலு நாள் வரலை பாருங்க, அப்ப அந்தப் பழனி வண்டி நின்னுச்சு. ஓட்டையக் கண்டுபிடிச்சுட்டேன்." "அப்புறம்?" "அடைக்கலைங்க. நீங்க வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்." பழனி வண்டி. கல்யாணக் களைப்போடு வந்து மூன்றரை மணி நேரம் தவழ்ந்தேன் அந்த வண்டியில், முடித்துவிட்டு இறங்கியபோது எல்லாரும் எப்படிங்கண்ணா என்று வாயைப் பிளந்தார்கள், இவன்தான் முதலில் பிளந்தான். என் மகள் கல்யாணமாகி ஏழு வருஷம். ஏழு வருஷம், எத்தனை பஸ், ஒவ்வொன்றுக்கும் நாற்பது தடவை, இவன் வயரை இழுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். "ஏன்டா சொல்லலை?" என்றேன், குரல் உடைந்துவிட்டது, அது கோபமா என்னவென்று எனக்கே தெரியவில்லை. "அண்ணன்கிட்டப் போயி நான் எப்படிங்கண்ணா சொல்றது" என்றான், கண்ணில் தண்ணீரோடு, மனசாரத்தான் சொன்னான். நான் கொடுக்கக்கூடாதென்று ஒளித்தேன், இவன் கொடுத்தால் எனக்குக் குறையாகிவிடும் என்று ஒளித்தான். என் மரியாதையை முழுசாகக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள், முட்டியை விட்டுவிட்டார்கள். அவனை ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டுக்கும் நாலடி நடக்க வேண்டும். தண்டபாணி ஃபேனிலிருந்து பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார், குமரவேல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், மேடம் மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்று நின்றது. நான் என் நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முனகிக்கொண்டே உட்கார்ந்தேன்.

"முதல்லருந்து சொல்லு சாதிக்கு" என்றேன். "மெதுவாச் சொல்லு. எனக்கு இது புதுசு."